பழைய குட்டி யானையை வீட்டு வாசலிலேயே தேற்றுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் என் வீட்டு வாசலில் நிற்பது 2011 மாடல் டாடா ஏஸ் என்கிற சின்ன லோடு வண்டி, நம்ம ஊர் பாஷையில் குட்டி யானை. ஒன்பது வருடம் காசிமேட்டில் மீன் லோடு அடித்தது. இப்போது வீடு மாற்றும் சாமான், பந்தல் சாமான், கல்யாணப் பாத்திரம் என்று போய்க்கொண்டிருக்கிறது. அதே காலத்தில் வாங்கிய வண்டிகள் நிறைய எடைக்குப் போய்விட்டன. டீக்கடையில் நின்றால் யாராவது ஒருத்தர் "உங்க வண்டி மட்டும் எப்படிண்ணா உதிராம நிக்குது" என்று கேட்பார், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. வண்டி ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமையானால் வண்டிக்கு அடியில் படுக்கிறவன், அவ்வளவுதான். தோஸ்த், பொலிரோ பிக்கப், பழைய 207 மாதிரி வேறு லோடு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கு. பெயின்ட் அடிக்கவா, எல்இடி லைட் போடவா, மியூசிக் சிஸ்டம் மாட்டவா?

மூன்றும் இப்போது வேண்டாம். முதலில் ஒரு நாள் லோடு எடுக்காமல் வண்டியைக் கழுவுங்கள், அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். வட சென்னையில் வண்டியைக் கொல்வது கிலோமீட்டர் இல்லை, உப்பு. ஒரு பக்கம் கடல் காத்து, இன்னொரு பக்கம் மீன் தண்ணி, மூன்றாவதாக நாமே ஊற்றுகிற போர் தண்ணி. உப்பு உள்ளே இருக்கும்போது மேலே எவ்வளவு பளபளப்பாகப் பெயின்ட் அடித்தாலும் அது அடியில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ராயபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒருத்தர் ஆயுத பூஜைக்கு என்று முழு பெயின்ட் அடித்து, பூ வரைந்து, பொட்டு வைத்து எடுத்துவந்தார். தை பிறக்கும்போது கதவின் அடிப்பக்கம் அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது.

என் வரிசை இதுதான்: கழுவுவது, அடைத்த ஓட்டைகளைத் திறப்பது, துரு, வயரிங், லைட். பாட்டு கடைசி. கையில் இருக்கிற காசில் மிச்சம் இருந்தால் போடுங்கள், பாட்டு இல்லாமல் எவனும் லோடு அடிக்க முடியாது என்பதும் உண்மைதான்.

எந்தத் தண்ணியில் கழுவுவது? எங்க வீட்டில் போர் தண்ணிதான்.

ஒரு சொட்டை முன் கண்ணாடியில் வைத்து வெயிலில் காயவிடுங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளையாக வளையம் நின்றால் அந்தத் தண்ணி கடைசி அலசலுக்கு ஆகாது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடல் தண்ணி நிலத்தடியில் ஏறிப் போய் பல வருடம் ஆகிறது, பல தெருக்களில் போர் தண்ணியை வாயில் வைக்க முடியாது. வாயில் வைக்க முடியாததை வண்டியில் ஊற்றினால் இரும்பு மட்டும் சும்மா இருக்குமா.

முழுக்க மெட்ரோ வாட்டரில் கழுவுங்கள் என்று சொல்ல மாட்டேன், குடிக்கவே வரிசையில் குடம் வைக்கிற ஊர் இது. சேற்றைப் போர் தண்ணியில் அடித்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு மூன்று குடம் நல்ல தண்ணி வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து நிறுத்துவேன், இலவச அலசல். காட்டுப்பள்ளியில் 2010-லிருந்து ஒரு நாளைக்குப் பத்து கோடி லிட்டர் கடல் தண்ணியை நல்ல தண்ணியாக்கும் ஆலை இருக்கிறது. கடல் தண்ணியையே குடிதண்ணியாக்குகிற ஊரில் கடல் கலந்த தண்ணியை விலையில்லாமல் வண்டிக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறோம், என்ன சொல்ல.

மேலே தூசி படிந்தால் துணியால் துடைத்தால் போதாதா?

காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது. எண்ணூர், அத்திப்பட்டு, மணலி பக்கம் ஓடுகிற வண்டியில் படிவது வெறும் தூசி இல்லை, அதில் நிலக்கரிச் சாம்பலும் இருக்கும். பார்க்க மாவு மாதிரி இருந்தாலும் ஒவ்வொரு துகளும் கண்ணாடி மாதிரி கடினம். காய்ந்த துணியில் தேய்த்தால் பெயின்ட் மேல் எமரி பேப்பர் ஓட்டியது போலத்தான். முதலில் மேலிருந்து தண்ணி ஊற்றி ஓடவிடுங்கள், அது கொண்டுபோகிற வரை போகட்டும், அப்புறம் ஷாம்பு. பாத்திரம் விளக்கும் சோப்பு எப்போதாவது பரவாயில்லை, வாராவாரம் போட்டால் மெழுகுப் பூச்சு போய்ப் பெயின்ட் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி மங்கிவிடும்.

அடிப்பகுதியை வீட்டிலேயே கழுவ முடியுமா, இல்லை வாட்டர் சர்வீஸ்தானா?

இரண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாட்டர் சர்வீஸில் தூக்கிக் கழுவுங்கள், நடுவில் வாரத்துக்கு ஒரு தடவை வீட்டில் குழாய் போட்டு அடியுங்கள். கழுவ வேண்டிய இடங்கள் கண்ணுக்குத் தெரியாதவை: பாடியின் குறுக்குச் சட்டம் சேசிஸ் மேல் உட்காருகிற சந்து, வீல் வளைவின் உள்மடிப்பு, ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கு, ஃபுட்போர்டுக்கு அடியில். அங்கே மண் தங்கினால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாம் மூன்று நாள் வண்டியை வெயிலில் நிறுத்தினாலும் அந்தச் சந்து காயாது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே போகாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. ஸ்டாண்ட் இரண்டு வாங்கிப் போடுங்கள், தரையில் நிற்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஸ்டாண்டில் உட்காரவைத்த பிறகு வண்டியை ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே விடுங்கள்.

மீன் வாடை போகவே மாட்டேன் என்கிறது. ஃபினாயில், ஊதுபத்தி, கார் சென்ட் எல்லாம் போட்டாச்சு.

வாடை மேல் வாசனை போட்டால் வாசனையான மீன் வாடைதான் வரும். காசிமேட்டில் மீன் வெட்டுகிற அக்காக்கள் கை கழுவ எதை எடுக்கிறார்கள் என்று பாருங்கள், புளி. மீன் கெடும்போது வருகிற அந்த வாடை காரத்தன்மை கொண்ட பொருள், புளிப்பு பட்டால் அடங்கிவிடும். வண்டிக்கும் அதே வைத்தியம்தான்.

முதலில் பச்சைத் தண்ணியால் அடித்துக் கழுவுங்கள். சுடுதண்ணி கூடாது, ரத்தமும் கொழகொழப்பும் முட்டை வெந்த மாதிரி தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சோப்புப் போட்டு, செக்கர்ட் தகடாக இருந்தால் அந்தக் கோடுகளின் நடுவில் கெட்டியான பிரஷ் விட்டுத் தேய்க்கணும். அதற்கப்புறம்தான் புளி கரைத்த தண்ணி அல்லது வினிகர், ஒரு பத்து நிமிடம் ஊறவிட்டு நல்ல தண்ணியில் முழுக்க அலசிவிடுங்கள். புளிப்பு இரும்பில் தங்கினால் துரு ஏறும், அலசாமல் விடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இரும்பைத் தின்னும். அதுவும் வினிகர், ஆசிட் எதனோடாவது சேர்ந்தால் மூச்சை அடைக்கிற குளோரின் வாயு கிளம்பும், விளையாட்டில்லை.

இதெல்லாம் செய்தும் வாடை வந்தால், தரையில் விரித்த ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். என் வண்டியில் மேட்டுக்கு அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கறுப்பாக, களிம்பு மாதிரி, மீன் செதில் மின்னிக்கொண்டு ஒன்று கிடந்தது. எத்தனை வருடச் சரக்கோ தெரியாது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மேட் போடுகிறவர்கள் லோடு இறக்கியதும் அதை எடுத்துக் காயப்போடுங்கள். அதைவிட நல்ல வழி, மீனை மூடி போட்ட பெட்டியில் ஏற்றி, பெட்டியின் தண்ணி குழாய் வழியாக ஒரு கேனில் இறங்குகிற மாதிரி அமைப்பது. தகட்டில் படாத உப்புத் தண்ணிக்கு வைத்தியமே வேண்டாம், பின்னால் பைக்கில் வருகிறவரும் நம்மைத் திட்ட மாட்டார்.

கதவின் அடிப்பக்கம் மட்டும் ஏன் முதலில் போகிறது?

கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத் தண்ணி கதவுக்குள்தான் போகும், அது வெளியேறுவதற்குக் கதவின் அடி ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். அந்த ஓட்டை மண்ணிலும், பெயின்ட் அடிக்கிறவர் பள்ளம் நிரப்ப வழித்துவிட்ட பட்டியிலும் அடைந்துபோகும். அப்புறம் கதவு ஒரு குடம்தான். கதவைத் திறந்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே சலக் சலக் என்று சத்தம் கேட்டால் அதுதான்.

தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவி, கதவின் அடி ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போய் ஓட்டை தட்டுப்படுகிற இடத்தில் குத்துங்கள். கம்பி வேண்டாம், உள்ளே இருக்கிற பெயின்ட்டைக் கீறிவிடும். முதல் தடவை நான் குத்தியபோது காபி நிறத்தில் அரை சொம்புத் தண்ணி வழிந்தது, கூடவே ஒரு கரப்பான் பூச்சியும். செலவு பூஜ்ஜியம். இந்தப் பக்கத்தில் சொன்னதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள், ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும்.

துருவை நானே எடுத்து பெயின்ட் அடிக்கலாமா? தகடு வேலை செய்கிற டிங்கர் கேட்கிற கூலி கட்டுப்படியாகவில்லை.

மேலாகப் பூத்த துரு என்றால் தாராளமாக. ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். டங் என்று கேட்டால் நீங்கள், பொத் என்று கேட்டால் டிங்கர். பொத் என்கிற இடத்தில் பட்டி வைத்து மூடுவது அழுகின பல்லுக்கு வெள்ளை அடிப்பது. சேசிஸில் அப்படிக் கேட்டால் கைவைக்கவே வேண்டாம், தெரிந்த வெல்டரிடம் காட்டுங்கள், வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

இந்த வேலையில் நம்ம பக்கம் நேரம்தான் முக்கியம். காலையில் காற்று நிலத்திலிருந்து வரும், ஓரளவு காய்ந்திருக்கும். மதியத்துக்கு மேல் கடல்காத்து திரும்பிவிடும், ஈரமும் உப்பும் சேர்ந்து வரும். தேய்த்து வெள்ளையாக்கின இரும்பை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று விட்டால் சாயங்காலம் அதன் மேல் மஞ்சளாக ஒரு பனி படிந்திருக்கும், அது புதுத் துரு. அதனால் ஒரு காலையில் முடிக்கிற அளவு இடத்தை மட்டும் எடுங்கள், ஒரு முழம் என்றால் ஒரு முழம். ஆறரைக்கு ஆரம்பித்தால் பதினோரு மணிக்குள் பிரைமர் ஏறிவிட வேண்டும்.

முந்தின நாளே அந்த இடத்தைச் சோப்புப் போட்டு நல்ல தண்ணியில் கழுவிக் காயவைத்துவிடுங்கள். உப்புத்தாள் என்று பெயர் இருப்பதால் அது உப்பை எடுத்துவிடாது, தண்ணிதான் எடுக்கும். காலையில் வயர் பிரஷ், கிரைண்டர் இருந்தால் அதில் கப் பிரஷ், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். பிறகு எண்பது நம்பர் எமரி, துருவைச் சுற்றி நல்ல பெயின்ட் இருக்கிற இடத்துக்குள்ளும் ஒரு இரண்டு விரல் போகணும், இல்லையென்றால் அந்த ஓரத்திலிருந்துதான் மறுபடி கிளம்பும். குழிக்குள் உட்கார்ந்த கறுப்புத் துரு எமரியில் வராது. அதற்கு ரஸ்ட் கன்வர்ட்டர் பூசினால் துரு கறுப்பாக மாறி இறுகும், டப்பாவில் போட்டிருக்கிற நேரம் விடணும். தின்னரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு பிரைமர். ரெட் ஆக்சைடு மலிவு, எங்கும் கிடைக்கும், வீட்டுக் கேட்டுக்குப் போதும். கடலோர வண்டிக்கு இரண்டு டப்பா கலந்து பூசுகிற எபாக்சி பிரைமர் வாங்குங்கள், விலை கூட, ஆனால் ரெட் ஆக்சைடு மாதிரி ஈரம் உறிஞ்சாது. அதன் மேல் இரண்டு கை எனாமல், மெலிசாக. ஒரே கையில் தடியாக அடித்தால் வழியும், அடியில் காயாது.

அதே கலரில் அடியுங்கள். முழு வண்டியின் கலரை மாற்றினால் ஆர்சி புத்தகத்திலும் மாற்ற வேண்டும், எஃப்சிக்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்றிதழுக்குப் போகும்போது அங்கே வைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடித்தால் துரு பிடிக்காது என்கிறார்களே?

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு வாட்டர் சர்வீஸில், பெயர் வேண்டாம், நான் கேட்காமலே டீசலும் வேஸ்ட் ஆயிலும் கலந்து அடி முழுக்க அடித்துவிட்டு நூறு ரூபாய் கூட வாங்கினார்கள். இரும்பு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் ஷாக் அப்சார்பர் புஷ் எல்லாம் ஊறிப் பணியாரம் மாதிரி உப்பி, பள்ளத்தில் இறங்கினால் கட்டக் கட்ட என்று சத்தம். ஆயில் ரப்பரைத் தின்னும். அதுபோக அந்த ஈரத்தில் சாம்பலும் மண்ணும் ஒட்டி ஒரு விரல் கனத்துக்குப் பூச்சு ஏறும், சைலன்சர் பக்கம் புகை வரும், வழிகிறது எல்லாம் தெருவில்தான். ஸ்பிரிங் பட்டைக்கு மட்டும் கிராஃபைட் கிரீஸ் போடுங்கள். அடிக்கு அண்டர்பாடி கோட்டிங் அடிக்கலாம், துருவை எடுத்த பிறகு. துருவின் மேல் அடித்தால் அது ஈரத்துக்குப் போர்வை போர்த்தின கதை.

இன்ஜினைக் கழுவலாமா?

ஏஸில் சீட்டைத் தூக்கினால் இன்ஜின், அதனால் ஆசை வரும். ஆறின இன்ஜினில், டைனமோ, செல்ஃப் மோட்டார், ஏர் ஃபில்டர் வாய் மூன்றையும் பாலித்தீன் கவர் கட்டி மூடிவிட்டு டிகிரீசர், பிரஷ், மெதுவான தண்ணி. பிரஷர் கன் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஏர் ஃபில்டரைக் கழுவ வேண்டாம். காற்றில் உள்ளிருந்து வெளியே ஊதுங்கள், இரண்டு தடவைக்கு மேல் ஊதின பேப்பர் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். கன்டெய்னர் லாரி பின்னாலேயே எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஓடுகிற வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் கணக்கு செல்லாது. ரேடியேட்டருக்குப் போர் தண்ணி ஊற்றுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், கெட்டில் அடியில் படிகிற மாதிரி குழாயில் உப்பு படியும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

ஹெட்லைட் வெளிச்சம் அகல் விளக்கு மாதிரி இருக்கு. எல்இடி மாட்டலாமா?

எல்இடிக்கு முன்னால் ஒரு சோதனை. மல்டிமீட்டர் முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், ஒன்று வாங்குங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து லைட் போட்டு பேட்டரியில் எவ்வளவு வோல்ட் என்று பாருங்கள், பதிமூன்றரைக்கு மேல் இருக்கும். அப்புறம் பல்பின் பின்னால் பாருங்கள். என் வண்டியில் பன்னிரண்டுதான் வந்தது. ஒன்றரை வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் பல்பின் வெளிச்சம் வோல்ட்டைவிட வேகமாகக் குறையும், பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் முப்பது சதவீதம் போய்விடும். காரணம், மெல்லிசான பழைய வயரும், ஸ்விட்ச் வழியாக அவ்வளவு கரன்ட்டும் சுற்றிவருவதும், எர்த் வயரை பாடியோடு இணைக்கிற போல்ட்டில் பிடித்த துருவும்.

முதலில் எர்த் போல்ட்டைக் கழற்றி அடியில் உள்ள இரும்பை எமரியில் தேய்த்து, வாஸ்லின் தடவி இறுக்குங்கள். எனக்கு இதிலேயே அரை வோல்ட் திரும்பி வந்தது. அப்புறம் ரிலே, சின்ன கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடுகிற ஸ்விட்ச் டப்பா. வண்டிச் சாமான் கடைகள் இருக்கிற ஜிபி ரோட்டில் ரெடிமேட் ரிலே செட் கிடைக்கிறது. பேட்டரியிலிருந்து இரண்டரை ஸ்கொயர் வயர் ஒன்று, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் முப்பதாம் பின், எண்பத்தேழிலிருந்து பல்பு, பழைய லைட் வயர் எண்பத்தாறுக்கு, எண்பத்தைந்து எர்த். டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒன்று. ஸ்விட்ச் இனி ரிலேயை மட்டும் தட்டி எழுப்பும், சுமை தூக்காது. வயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள், உப்புக் காத்தில் செம்பு பச்சை பிடித்துப்போகும், சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள். கம்பெனி அறுபது வாட் பல்பே போதும். நூறு வாட் பல்பு போட்டு ஹோல்டர் உருகின வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

எல்இடி பல்பை ஹாலஜன் கூட்டில் போட்டால் நமக்குக் கண் குளிரும், எதிரே வருகிறவருக்குக் கண் போகும், ஏனென்றால் அந்தக் கூடு வேறு பல்புக்காகச் செய்தது. டிம் போட்டாலும் வெளிச்சம் மேலே சிதறும். லைட்டின் வெளிமூடி பிளாஸ்டிக்காக இருந்து மஞ்சளித்திருந்தால் எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணி விட்டு வரிசையாகத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டில் மெருகேற்றி, வெயில் தாங்குகிற கிளியர் கோட் அடியுங்கள். டூத் பேஸ்ட் வைத்தியம் ஒரு மாதம் நிற்கும்.

முன்னாடி இரும்பு பம்பர் கம்பி, ஏர் ஹார்ன், கறுப்பு ஸ்டிக்கர்?

கம்பிக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லியாச்சு, இடித்தால் அடி சேசிஸுக்கு நேராகப் போகும். பாட்டுப் பாடுகிற ஏர் ஹார்னும் கூடாது. கண்ணாடி முன்னும் பின்னும் எழுபது சதவீதம், பக்கத்தில் ஐம்பது சதவீதம் வெளிச்சம் விட வேண்டும் என்பது விதி. இதெல்லாம் மாட்டிக்கொண்டு எஃப்சிக்குப் போய் அங்கேயே கழற்றி சீட்டுக்கு அடியில் ஒளிக்கிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஒரு ஸ்பிரிங் பட்டை கூடப் போட்டால் லோடு கூட ஏற்றலாமாமே?

பட்டை தாங்கும். ஆக்ஸில், பிரேக், டயர், சேசிஸ் நாலும் பழைய அளவுதான். என் ஏஸுக்கு 750 கிலோ. அதிக லோடுக்கு அபராதம் இருபதாயிரத்தில் ஆரம்பிக்கிறது, அதன் மேல் டன்னுக்கு இரண்டாயிரம். உடைந்த பட்டையை மாற்றுங்கள், கூடப் போடாதீர்கள்.

மே மாதம் சீட்டில் உட்கார முடியவில்லை. அடியில் அடுப்பு மாதிரி.

அடியில் அடுப்புதான் இருக்கிறது. சீட்டுக்குக் கீழே இன்ஜின் மூடியைச் சுற்றி ஓடுகிற ரப்பர் பீடிங் கிழிந்திருக்கும், முதலில் அதைப் புதிதாக மாற்றுங்கள், பாதி சூடு அந்தச் சந்தில்தான் வருகிறது. பிறகு மூடியின் உள்பக்கம் அலுமினிய முகம் கொண்ட, சூடு தாங்கும் ஷீட் ஒட்டலாம். தெர்மாகோல், மெத்தை ஸ்பாஞ்ச் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தீப்பிடிக்கும் சரக்கு, இன்ஜின் மேல் வைக்கிற பொருளா அது. கூரையின் வெளியே வெள்ளை பெயின்ட் நல்ல மாற்றம் தரும், ஆனால் கலர் மாற்றக் கணக்கில் வரும், ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ளுங்கள். டேஷ் போர்டில் சின்ன ஃபேன் போடுகிறீர்கள் என்றால் ஃபியூஸ் வழியாகப் போடுங்கள், ஹார்ன் வயரில் கொக்கி போட்டு எடுக்காதீர்கள்.

புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்கலாமா?

கதவு, டெயில் லைட், கண்ணாடி, சீட் பிரேம், பம்பர் எல்லாம் வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழசில் வாங்காதீர்கள். கதவு வாங்கும்போது உள்பக்க ரெக்சினைத் தூக்கி அடி மடிப்பைப் பாருங்கள்; வெளியில் புது பெயின்ட் பளபளத்தால் இன்னும் உற்றுப் பாருங்கள். காந்தம் ஒன்று பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டாத இடத்தில் பட்டிதான் இருக்கிறது. பில் கேளுங்கள், முதலில் சொல்கிற விலைக்குச் சிரித்துவிட்டு நடக்க ஆரம்பியுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

சாவியைத் தொடாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மச்சான் வண்டி எண்ணூரில் இரண்டு நாள் தண்ணியில் நின்றது, அதிலும் மேலே கறுப்பாக எண்ணெய் மிதந்த தண்ணி, அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். தண்ணி வடிந்ததும் பதற்றத்தில் ஒரு செல்ஃப் அடித்தான். சிலிண்டருக்குள் போன தண்ணியை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்தது. அந்த ஒரு செல்ஃபுக்கு அவன் கொடுத்தது இரண்டு மாத வருமானம்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், ஆயில் பால் ஊற்றின டீ நிறத்தில் இருந்தால் தண்ணி கலந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் மெக்கானிக் வரும்வரை கிராங்க் சுற்றக் கூடாது. இன்ஜின் ஆயில் மட்டும் மாற்றினால் போதாது; கியர் பாக்ஸும் பின் ஆக்ஸிலில் இருக்கிற கிரவுனும் மூச்சுவிடும் துளை வழியாகத் தண்ணி குடித்திருக்கும், அந்த ஆயிலையும் மாற்றணும். டீசல் டேங்கின் அடியைத் திறந்து தண்ணியை வடிக்கணும், ஹப் கிரீஸ் புதுசு, பிரேக் டிரம் திறந்து சுத்தம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தண்ணி அடிப்பதற்கு முன் மரத்தூள் தூவி வழித்தெடுங்கள், அப்புறம் சோப்பு. பிசுக்குப் பட்ட ரப்பர் குழாய்களைக் கிள்ளிப் பாருங்கள், கொழகொழ என்று இருந்தால் மாற்றுங்கள்.

பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூ பூக்கிறதே?

ஆப்ப சோடா கரைத்த தண்ணி ஊற்றுங்கள், நுரைத்துக்கொண்டு போகும். மூடி இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போகக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காய்ந்ததும் வாஸ்லின்.

எஃப்சிக்கு முன் வீட்டிலேயே என்ன செய்து வைக்கலாம்?

எட்டு வருடம் தாண்டின வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி, அதற்கு ஒரு வாரம் முன்பு உட்காருங்கள். ரிஃப்ளெக்டர் டேப் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ஒட்டுகிற இடத்தைத் தின்னரில் துடைத்தால்தான் நிற்கும். எல்லா பல்பும், வைப்பர், ஹார்ன், ஹேண்ட் பிரேக். நம்பர் பிளேட் எழுத்து உப்பில் மங்கியிருந்தால் சத்தமில்லாமல் பெயின்ட் தொட்டு எழுதிவிடாதீர்கள், முறையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய ஓனர் பின் கதவில் ஒட்டின ஸ்டிக்கர் எழுத்தை எடுப்பது எப்படி? பிளேடு வைத்தால் பெயின்ட் வருகிறது.

மதிய வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள், சூட்டில் பசை இளகும், நகத்தால் ஓரத்தைத் தூக்கி மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். மிச்சம் இருக்கிற பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி விட்டு வழித்தால் வந்துவிடும். எழுத்து போனாலும் அது இருந்த இடம் கொஞ்ச நாள் பளிச்சென்று தெரியும், சுற்றி வெயிலில் மங்கியிருக்கும் அல்லவா. என் வண்டியில் 'மாமியார் துணை' என்று இருந்தது, எடுத்து மூன்று வருடமாகிறது, சாயங்கால வெயில் சாய்வாகப் பட்டால் இன்னும் படிக்கலாம்.